கியர்ப்பிடி மாற்றம்



பழைய மோட்டார்க் காரொன்றின் கியர்ப்பிடியைக் கழற்றிவிட்டு, வேறு மாதிரிக் காரொன்றின் பிடியை அவ்விடத்தில் அமைப்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச முன்வந்துள்ளேன். தமிழும் வரலாறும் கற்பித்துக் காலங்கழித்த பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பற்சக்கரங்களோடு என்ன உறவு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தவர்க்கு அவ்வுறவு தானாகவே வந்து சேரும். 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அப்பால் மண்ணெண்ணெயிலே ஓட்டப்பட்ட ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய கார்களில் ஏறிப் பயணஞ் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். உதிரிப் பாகம் வாங்க வழியில்லாத அந்நாட்களில் ஒரு காரின் உறுப்பை மற்றொரு காருக்குப் பொருத்துவது விளையாட்டன்று, பிழைப்பு.

முதலில் இப்பிடி செய்யும் தொழில் யாது என்பதைப் பார்ப்போம். கியர்ப்பெட்டியினுள்ளே பற்சக்கரங்களை இணைக்கவும் பிரிக்கவும் கவர் வடிவான இரும்புத் துண்டுகள் உண்டு. அவை சில தண்டுகளின்மீது அமைந்துள்ளன. பிடியின் அடிநுனி அத்தண்டுகளுள் ஒன்றைத் தெரிந்து, முன்னோ பின்னோ தள்ளுகிறது. தள்ளிய தண்டு மீண்டும் நழுவாதபடி சுருள்வில்லொன்றும் சிறு இரும்புக் குண்டொன்றும் அதனைத் தடுத்து வைத்திருக்கின்றன. ஆகவே நாம் கையிற் பிடிப்பது ஒரு நெம்புகோலேயன்றி வேறன்று. சுழலும் இடத்துக்குக் கீழே 2 அங்குலமும் மேலே 16 அங்குலமும் உள்ள பிடியொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். தண்டு அரை அங்குலம் நகரவேண்டுமாயின் கை 4 அங்குலம் நகரவேண்டும். மேற்பாகத்தை 8 அங்குலமாகக் குறைத்தால் கை நகரும் தூரம் 2 அங்குலமாகக் குறையும். ஆயின் வேண்டப்படும் வலு இருமடங்காகும். குறுகிய பிடியே சிறந்தது என்று இளைஞர் பலர் கருதுகின்றனர். கியர் விரைவில் விழும் என்பது மெய்தான். பலவீனமான கைக்கு அது பாரமாகும் என்பதும் மெய்யே.

கார் செய்தோரே இவ்விடயத்திற் பலமுறை மனம் மாறியிருக்கின்றனர். சேர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு குழுமங்களும் 1952 இல் ஒன்றிணைந்ததன் பயனாக, ஒஸ்ரின் காருக்கென ஆக்கப்பட்ட 803 கனசென்ரிமீற்றர் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் மைனருக்குக் கிடைத்தன. அப்பெட்டியின் மேலிருந்து நேராக எழுந்துவரும் பிடி நீண்டு மெலிந்தது. முதலாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் சாரதி கையை நன்றாக முன்னே நீட்டவேண்டும். 1956 இல் மைனர் 1000 வந்தபோது எஞ்சின் 948 கனசென்ரிமீற்றராகியது. கியர்ப்பெட்டியின் பின்புறமாக ஓர் இணைப்பு நீட்டப்பட்டு, குறுகிய பிடி சாரதியின் கைக்கருகே வந்தமர்ந்தது. ஒஸ்ரின் ஏ 30 காரிலிருந்து ஏ 35 காருக்கு மாறியபோதும் இதே மாற்றம் நிகழ்ந்தது. மறுபுறத்தில் ஒஸ்ரின் சமர்செற், கேம்பிறிட்ஜ் ஆகிய கார்களிலோ பிடி நிலத்தை விட்டே நீங்கி, ஸ்ரியறிங் தண்டோடு ஒட்டிக்கொண்டது. முன்னாசனத்தில் மூவர் அமரலாம் என்பதால் வாடகைக் கார் ஓட்டியோர் அதனைப் பெரிதும் விரும்பினர். இணைப்புத் தண்டுகளின் மூட்டுக்கள் தேய்ந்தபின் எந்தக் கியர் எங்கே விழுமென்பது ஓட்டுபவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, மாற்றம் வேண்டுவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நோய் பிடியில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா? பிடி ஆடிக் கலகலவென ஒலித்தால், அடியிலுள்ள சுருள்வில்லையும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றினாற் போதும்; அது சிறுவேலை. ஓடும்போது கியர் தானாகக் கழன்று விழுகிறதா? அது பிடியின் குற்றமன்று. முற்கூறிய குண்டும் சுருள்வில்லும் தளர்ந்திருக்கலாம், பெயரிங்குகள் தேய்ந்திருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் றப்பர் இற்றிருக்கலாம். இதனை ஆராயாது அழகான புதுப் பிடியொன்றைப் பூட்டிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்திலோ றம்பொடைப் பாதையிலோ இறங்குபவர், கியர் கழன்ற மறுகணம் பிறேக்கை மட்டுமே நம்பவேண்டியவராகிறார். இக்கார்களின் நான்கு சில்லுகளுக்கும் இருப்பவை பழைய டிறம் பிறேக்குகள். நீண்ட இறக்கத்தில் அவை சூடேறினால் பிடிக்கும் வலு குன்றும். காரில் மனைவி மக்களும் இருப்பர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

என்னோடு பல்லாண்டு பணியாற்றி இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரிடம் 803 எஞ்சின் பூட்டிய மைனர் ஒன்று உண்டு. இடத் தோள்மூட்டு இறுகிப்போனதால் நீண்ட பிடியை முன்னே தள்ள அவரால் இயலவில்லை. காரை விற்றுவிடுமாறு பிள்ளைகள் வற்புறுத்தினர். அவருடைய மனைவியை வாரத்துக்கு இருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது அந்தக் காரிலேதான். முச்சக்கர வண்டியின் குலுக்கத்தை அந்த அம்மையாரின் முள்ளந்தண்டு தாங்காது. எனவே மைனர் 1000 காரின் குறும்பிடியை வாங்கிப் பூட்டலாமென எண்ணிக் கராஜுக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன்.

கராஜ்காரர் அறுபதைக் கடந்தவர். காரின் கீழிருந்து வெளியே வந்து, “மாஸ்ரர், பிடி மட்டும் தனியே வராது, பெட்டியும் சேர்ந்துதான் வரவேணும்” என்றார். அவர் கூறியது முற்றும் உண்மை. குறும்பிடியின் இணைப்பு அப்பெட்டியின் பின்னுடம்போடு சேர்ந்தது. நீண்ட பிடியை அறுத்து, வளைத்து, ஒட்டித் தருவதாக வேறொரு கராஜில் முன்னரே கூறியிருந்தார்கள். ஒட்டிய இரும்பு கையோடு முறிந்து வந்தால் நடுத்தெருவில் என்ன செய்வது? கராஜ்காரர் அதற்கு இணங்கவில்லை. உடல் துருப்பிடித்துப் போன மைனர் 1000 ஒன்றின் 948 பெட்டியை வாங்குமாறு சொன்னார். 1962 இல் வந்த 1098 கனசென்ரிமீற்றர் காரின் பெட்டி இன்னும் வலியது. ஆயின் அதன் கிளச் ஏழேகால் அங்குலம், முன்னையது ஆறேகால் அங்குலம். எஞ்சினின் பின்தகடும் பறப்புச் சில்லும் சேர்ந்தே மாறவேண்டி வரும் என்பதால் அதனை விலக்கினார்.

வேலை மூன்று நாள் எடுத்தது. கியர்ப்பெட்டியை மூடும் தகட்டில் துவாரம் முன்னே இருந்தமையால், மைனர் 1000 இன் மூடியையே தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று. துவாரத்தைச் சுற்றியுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தது. அதனை அற்பமென எண்ணலாகாது. எஞ்சினின் புகையும் மழைநீரும் காருக்குள் வரும் வாயில் அதுதான். பூட்டுமுன் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து பற்களைப் பார்த்தனர்; இரண்டாம் கியரின் சுருள்வில்லொன்று மாற்றப்பட்டது. முதலாம் கியருக்குப் பழைய பெட்டியைப் போலவே புதியதிலும் ஒத்திசைவு வளையம் இல்லை. ஆகையால் கார் நின்றபின்னரே அதனைப் போடவேண்டுமென்று ஆசிரியருக்கு நினைவூட்டினார் கராஜ்காரர்.

பிடி மாறிய எந்தக் காரையும் முதன்முதலிற் சனநெரிசலுள்ள தெருவிற்குக் கொண்டுசெல்லக் கூடாது. வெவ்வேறு மாதிரிக் கார்களிற் பின்கியரின் இடம் வெவ்வேறாக இருக்கும். கை பழையதையே தேடும். ஆசிரியர் ஒரு கிழமை கோயில் வீதியில், மாலைப் பூசைக்குச் சனம் கூடுமுன்னர், ஓட்டிப் பழகினார். தோளை நீட்டாது முழங்கையை மட்டும் அசைத்து நான்கு கியரும் போட முடிந்தபோது, அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை நான் சோதனை முடிவுகளில் மாணவர் முகத்திலேதான் கண்டிருக்கிறேன். பிடி சற்றுக் கடினமாகத்தான் இருக்கிறது என்றார். நெம்புகோலின் கணக்கு அது; எவரும் தப்ப முடியாது.

எஞ்சினையும் மாற்ற நினைப்பவர், யப்பானிய டீசல் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பூட்ட விரும்புபவர், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதியாமல் வீதிக்கு வரலாகாது. எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்தாத காருக்கு விபத்தொன்று நேர்ந்தாற் காப்புறுதிப் பணம் பெறுவதும் இடராகும்.

கழற்றிய பழைய பெட்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். கிறீஸ் பூசி, பிடியோடு சாக்கிற் கட்டி, ஈரம்படாத இடத்தில் வையுங்கள். ஆசிரியரின் பெட்டி நான்கு மாதங்கூட அங்கே கிடக்கவில்லை. தன் தந்தையின் மைனரை முதல் வந்தபடியே திருத்தி வைக்க விரும்பிய இளைஞரொருவர் வவுனியாவிலிருந்து அதனைத் தேடி வந்தார்; நீண்ட பிடிதான் வேண்டுமாம்.