காயிதே மில்லத்தும் கூடிவாழும் நெறியும்



இசுலாமியர் ஒருவர் ஊர் முழுமைக்கும் தலைவராக விளங்கக் கூடுமா? ஐரோப்பிய நகரங்களில் இன்று எழுப்பப்படும் வினா இது. மொராக்கோவில் பிறந்த அகமது அபூதாலிப், 2009 முதல் 2024 வரை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர மேயராக விளங்கினார். அவர் பொறுப்பேற்ற வேளையில், மொராக்கோக் குடியுரிமையைத் துறக்க வேண்டுமென அந்நகர எதிர்க்கட்சியினர் கேட்டனர். இலண்டன் மாநகரம் சாதிக் கானை 2016, 2021, 2024 என மும்முறை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அவரும் இவ்வினாவுக்குத் தப்பவில்லை.

விடைதேட நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் இரண்டாம் நிறுத்தம் குரோம்பேட்டை. அங்கு வாழ்ந்தவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இசுமாயில். மேடவாக்கத்தில் அவர் பெயரால் ஒரு கல்லூரியும் உண்டு.

1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைவரானார். நாட்டுப் பிரிவினையின் புண் ஆறாத காலம் அது. கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற குரல் ஓங்கியிருந்தது. அவர் கலைக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய பணியில் இரு நிகழ்ச்சிகளை நினைவூட்ட விழைகிறேன். 1949 மே மாதம், இசுலாமியர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென வாதிட்டார். சபை மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தது. தொன்மையே அளவுகோல் என்றால் தம் தாய்மொழியாகிய தமிழுக்கே அத்தகுதி உண்டென்று அதே சபையில் முழங்கினார். ஆயினும் தமிழையே ஆட்சிமொழியாக்குக என அவர் வற்புறுத்தவில்லை. இந்துஸ்தானியையே ஆதரித்தார்.

நம் மேடைகளோ செப்டம்பர் முழக்கத்தை மட்டும் போற்றுகின்றன. மே மாதத்துக் கோரிக்கையை மறைத்துவிடுகின்றன. அக்கோரிக்கையோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். ஆனால் நமக்கு உவப்பான பாதியை மட்டும் ஏற்றுக்கொள்வது கூடிவாழ்தல் ஆகுமா? தம் சமயத்தார்க்காகப் பேசியவரும் தமிழுக்காகப் பேசியவரும் ஒருவரே. ஒன்றைத் துறந்து அவர் மற்றொன்றை அடையவில்லை. கோரிக்கை தோற்றபின்னும் அவையில் அமர்ந்து அடுத்த விவாதத்தில் பங்குகொண்டாரே, அந்தப் பண்பே மக்களாட்சியின் உயிர்நாடி என்பேன். 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. அவை பொதுவாக்காளர் தேர்தல்களே. 1972 ஏப்ரல் 5 அன்று அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாசா பள்ளிவாசலில் அடக்கம் செய்யப்பெற்றார்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கவியரங்குகளில் இசுலாமியக் கவிஞரை அழைத்தால், சமய நல்லிணக்கம் என்ற தலைப்பையே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். மழையையும் காதலையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் இல்லாமல் தமிழ்க் காப்பிய வரலாறு நிறைவுறாது என்பதை அறிந்த நாம் இவ்வாறு செய்யலாமா? நல்லிணக்கத்தை மெய்ப்பிக்கும் சுமையை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றிவைப்பது நல்லிணக்கமன்று. அடுத்த பத்தாண்டில் மழை பற்றிய பாட்டையும் அவரிடம் கேட்போம்.