அறிக்கையும் அனுஷ்டானமும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு காரியம் முடிந்த பின்னர் அதன் பலாபலன்களை ஆராய்ந்து எழுதும் மதிப்பீட்டு அறிக்கை எங்ஙனம் பயன்பட வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். அறிக்கை அத்தகைய சுரைக்காய் ஆகாதபடி காப்பது, எழுதினவர் கடமை மட்டுமன்று. அதைப் பெற்றுக்கொண்டவர் கடமையே பெரிது என்பது நம் கருத்து.

முதற்கண் நம் ஊரின் அநுபவத்தை நோக்குவோம். 2015-ஆம் ஆண்டு நவம்பர் நடுவில், ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாற்றிற் பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. சேறு கழுவி முடியுமுன்னரே டிசம்பர் முதல் நாட் பெருமழை வந்தது. மறுநாட் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தினின்றும் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, ஆற்றின் கீழ்க்கரை ஊர்களும் அல்லலுற்றன.

இவ்வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் வைக்கப்பட்டது. இது மனிதரால் விளைந்த கேடு என்று அவ்வறிக்கை கூறிற்று; நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பையும் ஏரிகளைப் பேணாமையையும் எடுத்துக்காட்டிற்று. 2021 நவம்பரில் மீண்டும் வெள்ளம் வரவே, ஓய்வுபெற்ற அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பெற்றது. 2023-இல் தன் முடிவான அறிக்கையை அளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணையையும் வேளச்சேரியையும் நீரில் நிறுத்திற்று.

ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் கூறோம். அடையாறு அகலப்படுத்தப்பட்டது, முடிச்சூர்ப் பக்கத்தில் மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன, மேற்புறத்து நீரைத் தடுத்துத் தேக்க ஒரத்தூரில் நீர்த்தேக்க வேலை தொடங்கப்பெற்றது. ஆயின், அறிக்கையிற் கண்ட குறைகளுள் எவை தீர்ந்தன, எவை நிற்கின்றன என்று வெள்ளத்திற் சிக்கிய ஒரு குடும்பஸ்தரை வினவினால், அவரால் விடை கூற இயலுமா? இயலாது. குறை அங்கேதான் உள்ளது.

ஹாலந்து தேசத்தில் 1953 பிப்ரவரியில் கடல் பொங்கி 1,800-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மாதத்திலேயே ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் யோசனைகள் 1958-இல் சட்டமாயின. கடலணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, பெருங்கதவு அமைந்த கடைசி அணை 1997-இல் திறக்கப்பெற்றது. நாற்பதாண்டு மந்திரிகள் மாறினும் வேலை மாறவில்லை. அறிக்கைக்குச் சட்டமும் பணமும் பொறுப்பாளரும் வாய்த்தமையே காரணம்.

பிறரைக் குறைகூறி நின்றுவிடுவது நேர்மையாகாது. 2015 வெள்ளத்தில் நம் சங்கமும் அரிசி, போர்வை, புத்தகம் வழங்கிற்று. மறு ஆண்டு நம்முட் சிலர் வீடு வீடாகச் சென்று கேட்டு ஓர் அறிக்கை எழுதினோம். அதிற் கண்டவை மூன்று. குடிநீரும் மருந்தும் வேண்டியிருந்த நாளிற் போர்வை கொடுத்தோம். வாடகைக் குடியிருப்போர் பெயர் நம் ஜாபிதாவில் இல்லை. வரிசையில் வந்து நிற்க இயலாத கிழவர்க்கும் கைம்பெண்டிர்க்கும் ஒன்றும் எட்டவில்லை. இவ்வறிக்கை அச்சிடப்பெற்றது, வருஷக் கூட்டத்தில் வாசிக்கப்பெற்றது, கரகோஷத்துடன் ஏற்கப்பெற்றது, பின் பீரோவிற் புகுந்தது.

2021-இல் அதே பழைய ஜாபிதாவுடன் முடிச்சூர்த் தெருவொன்றிற் சென்றோம். ஒரு மூதாட்டி, "ஏனய்யா, போன தடவையும் இதையேதானே கேட்டு எழுதிக்கொண்டு போனீர்கள்? எழுதியதை என்ன செய்தீர்கள்?" என்றார். விடை கூறத் தெரியாமல் தலைகுனிந்து திரும்பினோம். அவ்வெட்கமே இச்சொற்பொழிவுக்குக் காரணம்.

ஆகவே, நாம் இச்சபையின் முன் சில யோசனைகளை வைக்கின்றோம்.

முதலாவது, அறிக்கை எழுதுமுன்னரே, "இதனால் யார் எதை மாற்றப்போகிறார்?" என்று கேட்க வேண்டும். விடை இல்லையேல் ஜனங்களைக் கேள்வி கேட்டு வருத்தலாகாது.

இரண்டாவது, ஒவ்வொரு குறைக்கும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுத வேண்டும். சங்கம் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பல்லர் என்பதே பொருள். வாடகைக் குடியினரைச் சேர்த்துப் புது ஜாபிதா எழுதுவது இன்னார் வேலை என்று இருந்திருப்பின், 2021-இல் நாம் வெட்கியிரோம்.

மூன்றாவது, ஏற்கவியலாத யோசனையை ஏற்கவில்லை என்று காரணத்துடன் எழுதிவிட வேண்டும். மௌனமாய் மறப்பதினும் அது மேல்.

நான்காவது, அறிக்கையின் சாரத்தை எளிய தமிழில், தகவல் தந்தவர் தெருவிலேயே படித்துக்காட்ட வேண்டும். நாம் தவறாகக் கண்டதை அவர்களே திருத்துவர்.

ஐந்தாவது, மாதக் கூட்டத்தில் வரவு செலவுக்கு முன்னரே இப்பதிவேடு வாசிக்கப்பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிற் தொடங்குவதால், செப்டம்பர்க் கூட்டத்தில் அது முற்றிலும் சரிபார்க்கப்பெற வேண்டும்.

ஏரியும் ஆறும் நம் கையில் இல்லையே எனின், கேட்கும் வாய் நம்மிடம் உண்டு. 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் உள. பகுதி சபைக் கூட்டங்களும் உள. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் உண்டு. அறிக்கையின் இன்ன குறை எந்நிலையில் உள்ளது என்று ஒவ்வொன்றாக, மரியாதையுடன், விடாது கேட்போமாக.

அம்மூதாட்டியின் கேள்விக்கு அடுத்த மழைக்கு முன் விடை கொடுத்தல் வேண்டும். பதிவேட்டின் முதற் பக்கத்தில் தம் பெயரை எழுத முன்வருவோர் இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் தெரிவிப்பார்களாக.