ஆல்பத்தில் பின்னால் நிற்கும் பஸ்



சென்னையில் மின்சார டிராம் 1895-ல் ஓட ஆரம்பித்து 1953-ல் நின்றது. அன்று வீடுகளில் கலர் பிலிம் புழக்கத்தில் இல்லை. டிராமின் நிறத்தை அதில் போனவர்கள் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

1931-ல் வந்து 2004 வரை ஓடிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் ரயிலும், 18ஏ மாடி பஸ்ஸும் அப்படியல்ல. அவை உங்கள் ஆல்பத்திலேயே இருக்கும். பஸ்ஸை யாரும் வேண்டுமென்று படம் எடுப்பதில்லை. பட்டுப்புடவையில் அத்தை நிற்பார், பின்னால் பாதி பஸ் தெரியும். எனக்கு அந்தப் பாதிதான் வேண்டும்! (அத்தை மன்னிக்கட்டும்.)

பரணில் இருட்டில் கிடந்தாலும் பழைய கலர் பிரிண்ட் மங்கும். பலவற்றில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகிறது. மிஞ்சுவது சிவப்பு. பச்சை பஸ் பழுப்பாகத் தெரியும், பேரப்பிள்ளைகள் அதையே நிஜ நிறம் என்று நம்புவார்கள். கோடக்குரோம் ஸ்லைடு வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். இருட்டில் வைத்தால் அதன் நிறம் நன்றாகத் தாங்கும். புரொஜெக்டரில் அடிக்கடி போட்டால்தான் மங்கும்.

தேதியில்லாத வவுச்சரை வங்கியில் வாங்க மாட்டோம். படமும் அப்படித்தான். பின்பக்கம் ஆண்டு, தெரு, தெரிந்தால் ரூட் நம்பர் எழுதுங்கள். மெல்லிய பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு ஆல்பத்தோடு சங்க அறைக்கு வாருங்கள். நெகட்டிவ் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஸ்கேனர் நான் கொண்டுவருகிறேன்.