கூடையில வர்றதுதான் இன்னைக்குச் சமையல்



காய்கறி வாங்கப் போகும்போது நாம என்ன செய்யறோம்? கேரட் பொரியலா, காலிஃபிளவர் குருமாவா என்று வீட்டிலேயே முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பறோம். பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் மே மாத வெயிலிலும் இரண்டுமே கிடைக்கும். அது எந்த மலையிலிருந்து லாரி ஏறி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிய ஒரு சின்னப் பண்ணையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம்ம ஊரிலிருந்து வடக்கே சுமார் 10 கி.மீ. போனால் ஆரோவில். 1968-ல் அது தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தது பெரும்பாலும் மரமில்லாத செம்மண் மேடு. மழை பெய்தால் மேல்மண்ணும் சேர்ந்து கடலுக்குப் போய்விடும். பல ஆண்டுகள் வரப்பு கட்டி, மரம் நட்டு, அந்த மண்ணை மீட்டார்கள். அங்கேதான் 1996-ல் சாலிட்யூட் பண்ணை தொடங்கியது. பரப்பு சுமார் 6 ஏக்கர். தொடங்கியவர் இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கன்சி. அவர் சரளமாகத் தமிழ் பேசும் வீடியோக்களை உங்களில் பலர் போனில் பார்த்திருப்பீங்க.

ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா காட்டிய இயற்கை வேளாண்மைதான் இவர்களுக்கு வழி. ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்தும் கிடையாது. இலை, தழை, பிடுங்கிய களை எல்லாம் மண்ணுக்கே மூடாக்காகப் போய்விடும். விளைவதைப் பண்ணை உணவகத்தில் சமைக்கிறார்கள். மீதியைக் கூடையாகக் கொடுக்கிறார்கள். கூடைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த வாரம் மண் என்ன கொடுத்ததோ அதுதான் வரும். வாழைத்தண்டு, பப்பாளிக்காய், முருங்கைக்கீரை, புளிச்சகீரை என்று எதுவும் இருக்கலாம். பக்கத்திலேயே 2000-ல் தொடங்கிய புத்தா கார்டன் பண்ணையில், தன்னார்வலர்களும் காலையில் வந்து வேலையில் கைகொடுக்கிறார்கள்.

"நமக்குப் பிடிச்சதைக் கேட்க முடியாதா?" என்று தோணும். ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம்ம கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அப்படிப்பட்ட மழையில் கீரைப்பாத்தி மூழ்கும், கிழங்கு அழுகும். சந்தையை மட்டும் நம்பிய சிறு விவசாயிக்கு அந்த நஷ்டம் முழுக்க அவர் தலையில்தான். கூடைக்காரர்கள் இருந்தால், காய் குறைந்த வாரத்திலும் கொஞ்சம் வருமானம் நிற்கும். நஷ்டத்தைப் பத்து வீடு பங்கு போட்டுக் கொள்கிறது. "சமுதாயப் பண்ணை" என்பதற்கு அதுதான் அர்த்தம்.

சரி, ஆர்கானிக் என்று சொல்வதை எப்படி நம்புவது? மூணு விஷயம் கவனிங்க.

ஒன்று, பாக்கெட்டில் அடைத்து விற்கும் ஆர்கானிக் பொருளில் அதிகாரப்பூர்வ ஆர்கானிக் லோகோ இருக்கான்னு பாருங்க. அதிலுள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் சரிபார்க்கலாம். சந்தேகம் இருந்தால் அதிலேயே புகாரும் பதியலாம்.

இரண்டு, 'பிஜிஎஸ் இந்தியா' சான்று. குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை இன்னொருவர் ஆய்வு செய்து தருவது இது. 'பிஜிஎஸ் கிரீன்' என்றால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கு. 'பிஜிஎஸ் ஆர்கானிக்' என்றால் முழுக்க மாறியாச்சு.

மூணு, சிறு விவசாயி நேரடியாக உங்களுக்கு விற்கும்போது சான்றிதழுக்கு விதிவிலக்கு உண்டு. லோகோ இல்லையே என்று உடனே போலி முத்திரை குத்தாதீங்க. நிலத்தைப் பார்க்கலாமான்னு கேளுங்க. உரத்துக்கு என்ன போடறீங்க, பூச்சி வந்தா என்ன செய்யறீங்கன்னு கேளுங்க. நேர்மையான விவசாயி சந்தோஷமா கூட்டிட்டுப் போய்க் காட்டுவார்.

ஆரோவில் வரை போக முடியலையா? பரவாயில்லை. உங்க தெருவில் நாலு வீடு சேருங்க. பாகூர், வில்லியனூர் பக்கம் ரசாயனம் போடாமல் விளைவிக்கும் ஒரு விவசாயியைத் தேடிப் பிடிங்க. வாரம் ஒரு கூடை, மாதம் ஒரு தொகை என்று பேசி முடிங்க. முதல் கூடையில் தெரியாத கீரை ஒன்று வரலாம். அதை எப்படிச் சமைக்கறதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.