முழு யந்திரத்துக்குக் கையெழுத்து யாருடையது?

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

தகடு அழுத்தும் பிரஸ் ஒரு கம்பெனியுடையது. தகட்டை எடுத்து வைக்கும் ரோபோ இன்னொரு கம்பெனியுடையது. கொண்டு செல்லும் கன்வேயர் மூன்றாவது கம்பெனியுடையது. மூன்றும் சேர்ந்து ஓடும்போது நடுவில் தொழிலாளியின் கை சிக்கினால் யார் பொறுப்பு? “எங்கள் சரக்கில் குறையில்லை” என்று மூவரும் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஏனென்றால் ஆபத்து யந்திரத்தில் அல்ல, இணைப்பில் இருக்கிறது!

ஐரோப்பிய யூனியனின் 2006-ம் வருஷத்து யந்திர விதிகள் இதற்கு விடை கூறுகின்றன. ஒன்றாக இயங்கும்படி இணைக்கப்பட்ட யந்திரத் தொகுதி முழுவதும் ஒரே யந்திரம். கருவி பொருத்தாத ரோபோ கை போன்ற அரைகுறை யந்திரத்தை விற்பவன், இணைப்புக்கான உறுதிப் பத்திரமும் பொருத்தும் விவரமும் தருகிறான். தொகுதியை இணைத்து முடிப்பவனே உற்பத்தியாளன். ஆபத்துகளை ஆராய்ந்து, முழுமைக்கும் கையெழுத்திட்டு, சி.இ. முத்திரை பதிக்க வேண்டியவன் அவனே. சொந்த உபயோகத்துக்கு முதலாளியே இணைத்தால் பொறுப்பும் முதலாளிக்கே. 2027 ஜனவரி 20 முதல் அமலாகும் 2023-ம் வருஷத்துப் புதிய விதிகளும் இப்பொறுப்பை நீக்கவில்லை.

அவசர நிறுத்தப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். பிரஸ்ஸை நிறுத்தியபின் ரோபோ ஓடுவது ஆபத்தென்றால், அதே பொத்தான் ரோபோவையும் நிறுத்த வேண்டும் என்பது விதி. தனித்தனியே பெற்ற மூன்று சர்டிபிகேட்டுகள் இதை உறுதி செய்யுமா? செய்யாது.

ஆகவே, எந்த நாட்டுப் பட்டறையானாலும் நாம் கேட்க வேண்டியவை இவை: இணைத்தவர் யார்? இணைப்பின் ஆபத்தை ஆராய்ந்தவர் யார்? முழுமைக்கும் கையெழுத்திட்டவர் யார்? கை போன பிறகு கேட்டுப் பயனில்லை. யந்திரம் ஓடுமுன் கேட்போம், தோழர்களே!