ஒரு கூரையும் ஒரு மாலைப் பொழுதும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தொழிற்சங்கம், உலகமயம், நடுத்தர வர்க்கத்தின் தேய்வு என்னும் மூன்று பெருஞ்சுமைகளை என் தலையில் ஏற்றிவிட்டு, இருபது நிமிடத்தில் இறக்கி வைத்துவிடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பொருளாதாரம் பயின்றவன் அல்லன். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இம்மண்டபத்தின் நாற்காலிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்தாண்டுகளுக்கு முன் நம் முதல் கூட்டத்தில் இந்நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள் யார்? வங்கி ஊழியர்கள், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தார், தொலைபேசித் துறையினர், மின்வாரியத்தார், ஆசிரியர்கள். மாலையில் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய் முகம் கழுவி, ஒரு காப்பி குடித்துவிட்டு, ஆறரை மணிக்கு இங்கே கவிதை பேச வந்துவிட்டோம். வங்கிப் பணியில் இருந்துகொண்டே எழுதிய வண்ணதாசனையும் கலாப்ரியாவையும் தந்த சீமை இது. அந்த மாலைப் பொழுது யார் கொடுத்தது என்று நாம் கேட்டதில்லை. எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, காரணமின்றி வெளியேற்ற முடியாத பணி ஆகிய எல்லாம் சங்கம் கேட்டுப் பெற்றவை. நம் இலக்கியம் அந்த ஓய்வில் விளைந்த பயிர்.

தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன் நின்றவர் வ.உ.சிதம்பரனார். வழக்கறிஞர், தொல்காப்பியமும் திருக்குறளும் தோய்ந்தவர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்த அந்தப் போராட்டம், நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முற்பட்டது. வக்கீல் ஒருவர் ஆலை வாசலுக்குப் போனார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நமக்கென்று தனிச் சங்கங்கள் அமைந்த பிறகு, நாம் எந்த வாசலுக்கும் போகவில்லை.

நம் ஊரின் வாசல் எது? ஆலங்குளம், கடையம், கடையநல்லூர், முக்கூடல், பாவூர்சத்திரம், எங்கு சென்றாலும் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காண்கிறோம். வடநாட்டுக் காட்டிலிருந்து வந்த இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டிக் கடையில் ஒப்படைக்க வேண்டும். கழிவென்று ஒதுக்கப்பட்டதற்குக் கூலி இல்லை. இலை போதாவிட்டால் கைக்காசில் வாங்க வேண்டும். 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளரே, அவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் உறுதி செய்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடி மீது விதித்த தீர்வையில் ஒரு நல நிதி உருவாகி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. அத்தொகையில் படித்து வங்கித் தேர்வு எழுதியவர்களை நான் அறிவேன். நடுத்தர வர்க்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. இப்படிப்பட்ட முறங்களிலிருந்தும் எழுந்தது. அந்தத் தீர்வை 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டமோ 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

இங்கே மலைக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். கண்ணூரில் பீடித் தொழிலாளர் கூடங்களில் வரிசையாக அமர்ந்து சுற்றினார்கள். அவர்களுள் ஒருவர் நாளிதழும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். புதிய சட்டத்தை ஏற்க மனமின்றி முதலாளிகள் கூடங்களை மூடியபோது, அத்தொழிலாளர்களே 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினர். ஒரு காலத்தில் 40,000 பேர் அளவுக்கு அதில் வேலை செய்தனர். இன்னும் தொலைவில், கியூபாவின் ஹவானாவில், 1865இலேயே சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பாளர் அமர்ந்துவிட்டார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். மறு ஆண்டே ஆளுநர் தடை விதித்தார் என்றால், வாசிப்பு எத்தகைய ஆபத்தான பொருள் என்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாசிப்புக்கும் சங்கத்துக்கும் வேண்டியது ஒன்றே. பலர் ஒன்றாக அமர ஒரு கூரை. நம் பக்கத்தில் பீடி வீடு வீடாகச் சிதறியது. கூரை சிதறினால் கூலி பேசும் குரலும் சிதறும். உலகமயம் என்று நாம் அஞ்சும் பொருளின் சூட்சுமம் இதுதான், நம் பெண்கள் அதை 1991க்கு வெகு முன்பே அறிந்திருந்தார்கள்.

இன்று எங்கள் தெருவில் ஒரு வீடு. திண்ணையில் தாய் பீடி சுற்றுகிறார். உள்ளறையில் மகன் அமெரிக்க நேரத்துக்குக் கணினி முன் விழித்திருக்கிறான். இருவருக்குமே வேலை கொடுப்பவரின் முகம் தெரியாது. மத்தளம்பாறைக்கே மென்பொருள் அலுவலகம் வந்துவிட்டது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஊரை விட்டு ஓடாமல் பிள்ளைகள் பிழைக்கலாம். ஆனால் உள்ளறையில் தனித்திருக்கும் அந்தப் பையன் நம் கூட்டத்துக்கு வந்ததில்லை. மாலை ஆறரை அவனுக்கு விடியற்காலை.

பழியை முழுவதும் உலகமயத்தின் மேல் போட்டுவிட்டு நான் அமர்ந்துவிடலாம். அது நேர்மையாகாது. வங்கிகளில் 1990களில் ஓய்வூதியம் வந்தபோது அதை ஏற்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். 2010 ஏப்ரல் 27 அன்று கையெழுத்தான உடன்பாடு எங்களுக்கு மறுவாய்ப்புத் தந்தது. அதே உடன்பாட்டில், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் சேர்பவர்களுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்புத் திட்டமே என்றும் ஏற்கப்பட்டது. வாயிற்கூட்டத்தில் நான் கைதட்டினேன். சேரப் போகிறவர்கள் அங்கே இல்லையே, அவர்களுக்காக யார் பேசுவது? ஏணியில் ஏறியவர்கள் ஏணியை மேலே இழுத்துக்கொண்டோம். அடுத்த பத்தாண்டில், 2020 சனவரி 31 அன்று, பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். விருப்பம் என்ற சொல்லைத் தமிழில் இவ்வளவு துணிச்சலாக வேறெங்கும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. நம் முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் அன்றுமுதல் காலி. ஒருவர் மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார். மற்றவர் காப்பீட்டு முகவராக அலைகிறார், மாலையில்தான் ஆள்களைப் பிடிக்க முடியுமாம்.

சென்ற சாரல் காலத்தில் ஒரு நாள், மழைக்கு ஒதுங்கி ஒரு வீட்டுத் திண்ணையில் நின்றேன். ஐந்தாறு பெண்கள் அங்கே கூடி அமர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் கையில் நம் உறுப்பினர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு. பொழுது போகாமல் வாய்க்குள் முணுமுணுத்தேன் போலும். மூத்த அம்மாள் நிமிராமலே சொன்னார்: “சத்தமா வாசிங்க அண்ணாச்சி. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே கெடக்கு.”

நான்கு கவிதைகள் வாசித்தேன். இரண்டு அவர்களுக்குப் பிடித்தன. ஒன்று புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்; எனக்கும் அது புரிந்ததில்லை, நூலாசிரியர் இதே அவையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. நான்காவது வெயிலைப் பற்றியது. இலை காய்ந்தால் உடையும் என்று அந்தக் கவிஞருக்குத் தெரியாதா என்று கேட்டார்கள்.

ஆகவே செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தை அந்தத் திண்ணையில் வைப்போம். பகல் இரண்டு மணி அவர்களுக்குத் தோதான நேரம் என்றார்கள். வாசிக்க நான் வருகிறேன், என் தொண்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வாசிக்க வேண்டியதைக் கவிஞர்கள் எழுதிக் கொண்டு வாருங்கள்.