சிறுபறை கொட்டும் வயது

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஒருவரைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் அந்த மரபில் மூத்தது. 9ஆம் மாதம் கைதட்டிச் சப்பாணி கொட்டுவது, 17ஆம் மாதம் சிறுபறை, 19இல் சிற்றில் என்னும் மணல் வீடு, 21இல் சிறுதேர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

சிறுபறைக்குச் செலவே இல்லை. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, மரக்கரண்டியைக் கையில் கொடுங்கள். ஓங்கி அடித்தால் பெரிய சத்தம், மெல்லத் தட்டினால் சின்னச் சத்தம். தான் செய்ததால்தான் அது நடந்தது என்று பிள்ளைக்குப் புரிகிறது. இப்போது நீங்கள் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருங்கள். பிள்ளையும் பதிலுக்குத் தட்டும். நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்கிற இந்தப் பழக்கத்தில்தான் உரையாடலே தொடங்குகிறது.

சிற்றிலுக்குப் பிளாஸ்டிக் டம்ளர்கள் போதும். நீங்கள் அடுக்குங்கள், பிள்ளை தள்ளிவிடட்டும். தயவுசெய்து திட்டாதீர்கள், அதுதான் விளையாட்டு. சிறுதேருக்கு நம் நடைவண்டி இருக்கிறது.

ஒன்றே ஒன்று. மூன்று வயது வரை கோலிக்குண்டு, புளியங்கொட்டை எதுவும் கைக்கு எட்டக் கூடாது; பொத்தான் பேட்டரி அதற்குப் பிறகும் எட்டக் கூடாது. பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.